இராமநாதபுரம் கடற்கரைக்குச் சுரங்க நீர்த்தேக்கம் ஒத்துவருமா?

பெரியகண்மாய்க்கரை (இராமநாதபுரம்)

அனைவருக்கும் வணக்கம். மாசி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை, எங்கள் தெருவில் தள்ளுவண்டிகள் வெளியே வந்துவிட்டன. பிளாஸ்டிக் குடங்களை இரண்டு வரிசையாக அடுக்குவதற்கென்றே செய்த அந்த வண்டியை வெளி மாவட்டத்தாருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். இங்கே எழுதுபவர்களுக்குத் தேவையில்லை. குழாயில் காவிரி வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வராத நாள்களுக்கு நகரத்தின் கையில் என்ன இருப்பு என்ற கேள்விதான் என்னை இந்த இழையைத் தொடங்க வைத்தது.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்துக்கும் இதே கவலை இருந்திருக்கிறது. ஆற்று நீர் நின்றுபோனால் மூன்று நாளைக்குத்தான் தாங்கும் என்ற நிலை. நகரத்துக்கு உள்ளேயே பெல்வுட் என்ற பழைய கல்குவாரி 300 அடிக்கும் மேல் ஆழமாகக் கிடந்தது. சட்டஹூச்சி ஆற்றங்கரையிலிருந்து அந்தக் குவாரி வரை ஏறத்தாழ 8 கிலோமீட்டருக்குக் கருங்கல்லைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள், நீரை இறக்கவும் ஏற்றவும் ஆங்காங்கே கிணறு போன்ற செங்குத்தான ஷாஃப்டுகளை இறக்கினார்கள், குவாரியையே நீர்த்தேக்கமாக்கிவிட்டார்கள். 2020-இல் நிரம்பிய அந்தத் தேக்கத்தில் 240 கோடி கேலன், நம் கணக்கில் சுமார் 908 கோடி லிட்டர் நிற்கிறது. மூன்று நாள் இருப்பு ஒரு மாத இருப்பாகியிருக்கிறது. செலவு 30 கோடி டாலருக்கு மேல்.

நிலத்துக்கு அடியில் தேக்கினால் வெயில் குடிக்காது, யாருடைய பட்டாவையும் எடுக்க வேண்டியதில்லை, கால்நடை இறங்காது. இந்தக் கடற்கரை நகரங்களுக்கும், அதாவது இராமநாதபுரம், கீழக்கரை, இராமேசுவரம் ஆகியவற்றுக்கு, இப்படி ஏதேனும் கேட்டு விண்ணப்பம் எழுத எண்ணியிருக்கிறேன். எழுதுவதற்கு முன் விவரம் அறிந்தவர்கள் குறை சொல்லட்டும் என்று இங்கே வைக்கிறேன்.

சுரங்கத்தான் (உச்சிப்புளி, வேலை சென்னையில்)

ஐயா, நான் மெட்ரோ சுரங்கப் பணியில் இருப்பவன். சுரங்கத்தை வேண்டாம் என்று சொல்ல எனக்கே வருத்தம்தான். இருந்தாலும் கணக்கைப் போட்டுவிடுகிறேன்.

அட்லாண்டாவில் நீரைச் சேர்த்து வைத்திருப்பது சுரங்கம் அல்ல, குவாரி. அந்தச் சுரங்கத்தின் உள்விட்டம் சுமார் 3 மீட்டர். அதில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 7,000 லிட்டர் பிடிக்கும் என்றால், 8 கிலோமீட்டர் முழுவதும் நிரம்பினாலும் ஐந்தரைக் கோடி லிட்டர் சொச்சம்தான். 908 கோடியில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சுரங்கம் அங்கே வாய்க்கால், குவாரிதான் கண்மாய். சென்னையிலும் 2017 வறட்சியில் மாங்காட்டுக்கு அருகே சிக்கராயபுரம் கல்குவாரிகளில் நின்ற நீரைச் சுத்திகரித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். அதற்குச் சுரங்கம்கூடத் தேவைப்படவில்லை. நம் கடற்கரையில் குவாரி எங்கே இருக்கிறது? கருங்கல்லைக் காண மேற்கே சிவகங்கையைத் தாண்ட வேண்டும். மேலூர்ப் பக்கம் கைவிட்ட கிரானைட் குவாரிகள் மழைநீர் நிரம்பிக் கிடக்கின்றன. அட்லாண்டாவின் உவமை பொருந்துமானால் அங்கேதான் பொருந்தும்.

சுரங்கத்தையே தொட்டியாக்கினால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு லட்சம் பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்துக்கு 21 கோடி லிட்டர். மெட்ரோ சுரங்கத்தின் பருமனில், அதாவது ஏறக்குறைய 6 மீட்டர் உள்விட்டத்தில், ஒரு மீட்டருக்கு 28,000 லிட்டர். அப்படியானால் ஏழரைக் கிலோமீட்டர் சுரங்கம் வேண்டும். இராமநாதபுரத்தில் தொடங்கினால் தேவிபட்டினம் போகும் வழியில் பாதித் தூரம் வந்துவிடும். வெளியே வரும் மண் மட்டும் இரண்டரை லட்சம் கன மீட்டர். டிப்பருக்குப் பத்துக் கன மீட்டர் என்றாலும் 25,000 நடை. அதுவும் உப்பு ஊறிய சேற்று மண். அதை எந்த வயலில் கொட்டுவது?

டோக்கியோவுக்கு வடக்கே கசுகாபே நகரத்தின் அடியில் இருக்கும் பெரும் தொட்டியின் படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள், கோயில் பிரகாரம் போல 59 தூண்கள் நிற்கும். 6.3 கிலோமீட்டர் சுரங்கம், சுமார் 70 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் ஐந்து ஷாஃப்டுகள் என 2006-இல் முடிந்த அந்த அமைப்பு வெள்ளத்தை வாங்கி எடோ ஆற்றில் இறைத்துவிடுவதற்காகக் கட்டப்பட்டது. சிகாகோவின் 175 கிலோமீட்டர் ஆழ்சுரங்கங்கள் மழைநீரும் கழிவுநீரும் கலந்து ஆற்றில் இறங்காமல் பிடித்து வைப்பதற்கானவை. மும்பையில் குடிநீர்ச் சுரங்கங்கள் உண்டு; அவை எரிமலைப் பாறையில் குடைந்தவை, வேலை நீரைக் கொண்டுசெல்வது. பாறை தன்னைத் தானே தாங்கும். நம் ஊர் மணலும் களியும் அப்படித் தாங்குவதில்லை. துளைக்கும் இயந்திரத்தின் முகத்தில் அழுத்தம் குறைந்த கணமே மண்ணும் நீரும் உள்ளே பாயும்.

கீழக்கரை மாடிவீடு

பொறியாளர் தம்பி சொன்ன கணக்கு எனக்கு முழுவதும் விளங்கவில்லை என்றாலும், நிலத்துக்கு அடியில் தொட்டி என்றால் என்ன நடக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் வாப்பா இருந்த காலத்தில் முற்றத்தில் ஒரு தரைத்தொட்டி கட்டினோம். நீளம் 5 மீட்டர், அகலம் 3, ஆழம் 2. மாடியில் விழும் மழையை வாங்குவதற்காகக் கட்டியது. கட்டியவர் நல்ல கொத்தனார், கம்பியிலும் சிமெண்டிலும் எந்தக் குறையும் வைக்கவில்லை. கார்த்திகையில் அடைமழைக்கு நடுவே இரண்டு நாள் வெயில் அடித்தது; அந்த இடைவெளியில் கழுவிவிடுவோம் என்று தொட்டியை முழுவதும் இறைத்து, பிள்ளைகளை இறக்கித் தேய்க்க வைத்து, காயட்டும் என்று மூடியைத் திறந்தே போட்டிருந்தோம். அன்று இரவே மழை பிடித்துக்கொண்டது. சுபுஹுத் தொழுகைக்கு எழுந்து ஒளுச் செய்ய முற்றத்துக்கு வந்த உம்மா, கால் தடுக்குகிறது என்றார்கள். விளக்கை எடுத்துப் போய்ப் பார்த்தால் தொட்டியின் கிழக்கு மூலை தரைக்கு மேலே நான்கு விரல் எழும்பி நிற்கிறது. பதித்திருந்த ஓடுகள் விரிசல் விட்டிருக்கின்றன. குழாய் இணைப்பு ஒடிந்துவிட்டது. தொட்டி உடையவில்லை. முழுசாகவே கப்பல் போல மிதந்திருக்கிறது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஐப்பசி முதல் தை வரை தொட்டியைக் காலி செய்வதில்லை என்பது சட்டம். ஒரு நகரத்தின் தொட்டிக்கு அந்தச் சட்டத்தை யார் காப்பாற்றுவார்கள்?

சுரங்கத்தான்

கீழக்கரை லாத்தா சொன்ன நான்கு விரலை நான் வகுப்பில் பாடமாகச் சொல்லலாம். அந்தத் தொட்டியின் கொள்ளளவு 30 கன மீட்டர். சுற்றிலும் நிலத்தடி நீர் தரைமட்டத்துக்கு ஏறிவிட்டால் 30 டன்னுக்கும் கூடுதலான விசை கீழிருந்து தூக்கும். கான்கிரீட்டின் எடையோ 20 டன் சொச்சம்தான் இருந்திருக்கும். நீர் நிரம்பியிருந்த வரையில் அந்த நீரே நங்கூரம். கடற்கரையில் எந்த நிலத்தடித் தொட்டியானாலும் வெறுமையாக இருக்கும் நாளுக்குத்தான் அதை வடிவமைக்க வேண்டும். அடித்தளத்தைக் கனமாக்குவதோ ஆழத்தில் தூண்களை இறக்கிப் பிடித்துக்கட்டுவதோ தனிச் செலவு. கோடையில் முழுவதும் பயன்படுத்தித் தீர்ப்பதற்குத்தானே தேக்கமே கேட்கிறோம்? தீர்க்கும் அந்தக் காலத்தில் ஒரு கோடைமழை வந்தால் ஆபத்து.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீண்ட சுரங்கம் வேண்டாம், ஒரே ஒரு பெரிய ஷாஃப்ட் என்றால் அது நம் மண்ணுக்குப் புதியதல்ல. உறைகிணறு இறக்குபவர்கள் மேலே உறையை வைத்து, உள்ளே மணலை அள்ள அள்ள அது தன் எடையால் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கீழடியில் கிடைத்த சுடுமண் உறைகிணறுகள் அதே தந்திரம்தான். 30 மீட்டர் விட்டம், 40 மீட்டர் ஆழம் என்று கான்கிரீட் உறையை இறக்கினால் 2.8 கோடி லிட்டர் பிடிக்கும். அதே ஒரு லட்சம் பேருக்கு நான்கு நாள். குழாய் உடைந்து சரிசெய்யும் நாள்களுக்கு அது போதும். கோடைக்குப் போதாது.

வைகைக் கடைமடை (சத்திரக்குடிப் பக்கம்)

நான் விவசாயி. தொட்டி போதவில்லை என்று எல்லாரும் பேசுவதைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. மன்னிக்க வேண்டும், கேலிக்காகச் சொல்லவில்லை.

இராமநாதபுரம் பெரிய கண்மாயின் கொள்ளளவு 618 மில்லியன் கன அடி. லிட்டரில் சொன்னால் சுமார் 1,750 கோடி. இழையைத் தொடங்கிய ஐயா வியந்து சொன்ன அட்லாண்டா குவாரியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! அவர் தம் பெயரிலேயே அந்தக் கண்மாயின் கரையை வைத்துக்கொண்டிருக்கிறார். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று சொல்லப்படும் இராஜசிங்கமங்கலம் கண்மாய் 1,205 மில்லியன் கன அடி. அது அட்லாண்டாவைப்போல நான்கு மடங்குக்குச் சற்றே குறைவு. பாத்திரம் இல்லாத ஊரா இது? பாத்திரம் காலியாக இருக்கும் ஊர்.

காலியாக இருப்பதற்குக் காரணம் வரத்துக்கால், அதாவது கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால். பார்த்திபனூர் மதகணையிலிருந்து எங்கள் கண்மாய்க்கு வரும் காலில் சீமைக் கருவேல் நிற்கும் அடர்த்தியில் ஆடு நுழைந்தால் ஆள் விட்டுத் தேட வேண்டும். உள்வாயில் மண் மேடிட்டு, மேடிட்ட இடத்தில் பயிர் ஏறி, பயிர் ஏறிய இடத்துக்கு வழக்கும் ஏறியிருக்கிறது. வைகையில் நீர் திறந்தாலும் மேலே உள்ளவர்கள் மடையை மறித்துக்கொண்ட பிறகு மிஞ்சியது வரும். சில ஆண்டு மிஞ்சுவதே இல்லை. வந்த ஆண்டில் ஒரே வாரத்தில் வந்து, கலுங்கு தாண்டி, கடலுக்குப் போய்விடுகிறது.

சுரங்கம் என்று வந்ததால் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். நம் நிலத்துக்குச் சுரங்கத்தால் நீர் கொண்டுவர வேண்டும் என்று முதன்முதலில் ஏங்கியது இராமநாதபுரம்தான். 1789-இலேயே முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று ஆள் அனுப்பிப் பார்த்து, செலவு கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார். நூறு ஆண்டு கழித்துப் பென்னிகுயிக் அணை கட்டி, மலையில் ஒரு மைலுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுரங்கம் குடைந்து 1895-இல் அதே நீரை வைகைக்குத் திருப்பினார். நாம் கேட்ட சுரங்கம் வந்தது. நீர் மதுரை, மேலூர் வயல்களோடு நின்றது. ஆகவே இன்னொரு சுரங்கத்துக்கு விண்ணப்பம் எழுதும் முன், முதல் சுரங்கத்தின் நீர் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கேட்டு எழுதுங்கள்.

பெரியகண்மாய்க்கரை

ஐயா, குட்டு நல்ல இடத்தில்தான் விழுந்திருக்கிறது. கண்மாயின் கொள்ளளவைக் குவாரியோடு ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் ஒரு சந்தேகம் நிற்கிறது. பெரிய கண்மாய் அகலம் மிகுந்தது, ஆழம் குறைந்தது. குவாரியில் நூறு மீட்டர் ஆழத்துக்கு நிற்கும் நீரில் வெயில் மேற்பரப்பை மட்டும்தான் நக்கும். இங்கே திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஓர் ஆண்டில் ஆவியாவது ஒன்றரை மீட்டருக்கு மேல். இரண்டு மீட்டர் ஆழமே உள்ள கண்மாயில், மடையைத் திறக்காவிட்டாலும், அடுத்த ஐப்பசிக்கு என்ன மிஞ்சும்? மாவட்டத்தின் சராசரி மழை 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. இரண்டு மாதத்தில் வாங்கியதைப் பத்து மாதம் வைத்திருக்க வேண்டிய ஊருக்கு, நிழலில் வைக்கும் பாத்திரம் ஒன்று வேண்டும் என்பதில் நான் இன்னும் மாறவில்லை. அந்தப் பாத்திரம் சுரங்கமாக இருக்க வேண்டியதில்லை என்பது மட்டும் தெளிவாகிவிட்டது.

தங்கச்சிமடம் மணல்

நிழலில் வைக்கும் பாத்திரம் என்று ஐயா சொன்னதற்குப் பதில் எங்கள் காலடியில் இருக்கிறது: மணல்.

இராமேசுவரம் தீவைச் சுற்றிலும் கடல், ஆனாலும் கோயிலுக்குள் 22 தீர்த்தங்கள். தங்கச்சிமடத்தில் வில்லூண்டித் தீர்த்தம் கடலுக்குள்ளேயே இருக்கிறது. பாலத்தில் நடந்துபோய் வாளி விட்டால் குடிக்கும் நீர் வரும். தனுஷ்கோடிப் பக்கம் 1964 புயலுக்குப் பின்னும் அங்கேயே தங்கிய மீனவக் குடும்பங்கள், கடலிலிருந்து கூப்பிடு தொலைவில் மணலில் முழங்கை ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டித்தான் பிழைத்தார்கள். எங்கள் அப்பத்தா ஊற்றில் இறைக்கும் முறை எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. சிரட்டையை நீரில் அழுத்த மாட்டார். பக்கவாட்டில் சாய்த்து, மேலாக வழிவதை மட்டும் வாங்கிக் குடத்தில் ஊற்றுவார். நான்கு சிரட்டை எடுத்ததும் நிறுத்திவிட்டு வெற்றிலை போடுவார். ஊறிய பிறகு மறுபடி நான்கு. அவசரப்பட்டு அடிவரை வழித்தால் "ஊத்து கோவிச்சுக்கும்" என்பார்.

ஊற்று ஏன் கோபித்துக்கொள்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. ஆகவே அது அடியில் உள்ள கடல்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு கனம். அதனால் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே நாற்பது மீட்டர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது ஏட்டுக் கணக்கு. நடைமுறையில் இரண்டும் கலந்து அதற்குக் குறைவாகவே இருக்கும். அதே கணக்கு தலைகீழாகவும் வேலை செய்கிறது. மோட்டாரைப் போட்டு நீர்மட்டத்தைப் பத்துச் சென்டிமீட்டர் இறக்கினால், கீழிருந்து உப்பு நான்கு மீட்டர் ஏறத் தயாராகிறது. தென்னந்தோப்புகளில் ஆழத்துக்கு போர் இறக்கியவர்கள் இரண்டு கோடையில் சவர் நீரைக் கண்டதன் கதை இதுதான்.

அப்படியானால் தேக்கத்தைக் கட்டவே வேண்டாம், காத்தால் போதும். கொஞ்சம் கட்டவும் செய்யலாம். ஜப்பானின் மியாகோ தீவும் நம் தீவைப் போலப் பவளப்பாறைச் சுண்ணாம்பு நிலம், ஆறு கிடையாது. அங்கே மண்ணுக்குள் ஏறக்குறைய 1.7 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் எழுப்பி, கடலுக்குக் கசிந்து போகும் நிலத்தடி நீரைத் தடுத்திருக்கிறார்கள். 1993-இல் முடிந்த சுனகாவா நிலத்தடி அணை பிடிக்கும் நீர் 950 கோடி லிட்டர். அட்லாண்டா குவாரியும் ஏறக்குறைய அதே அளவுதானே? மேலே கரும்பு விளைகிறது, கீழே நீர் நிற்கிறது. ஒரு சொட்டும் ஆவியாவதில்லை.

சுரங்கத்தான்

மியாகோவை நான் மறந்தே போனேன், நல்ல எடுத்துக்காட்டு. ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். அந்தத் தீவில் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் நீர் இறங்காத களிக்கல் அடுக்கு எட்டும் ஆழத்தில் இருக்கிறது. சுவரை அதில் ஊன்றி நிறுத்தினார்கள். பாத்திரத்துக்கு அடி இருந்தால்தான் பக்கச் சுவருக்குப் பொருள் உண்டு. பாம்பனிலோ மண்டபத்திலோ சுவர் பேசும் முன், வரிசையாகத் துளையிட்டுக் களி அடுக்கு இடைவிடாமல் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அடி இல்லாத இடத்தில் சுவர் கட்டினால் கடல் கீழே சுற்றிக்கொண்டு வரும். ஆழமான ஷாஃப்டுக்கும் இதே எச்சரிக்கைதான்: நல்ல நீரையும் உப்பு நீரையும் பிரித்து வைத்திருக்கும் களியைக் கவனமின்றிக் குத்திவிட்டால், பிறகு அதை அடைக்க முடியாது.

அப்பத்தாவின் சிரட்டைக்கு எங்கள் துறையில் இயந்திர வடிவம் இருக்கிறது. செங்குத்தாக ஆழப் போகாமல், நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே, துளையிட்ட குழாய்களைப் படுக்கை வாட்டில் நூறு இருநூறு மீட்டர் பதித்து, நடுவில் ஒரு கிணற்றில் சேர்த்து, மெதுவாக எடுப்பது. ஒரே இடத்தில் இழுக்காததால் உப்பு கூம்பு போல எழும்பாது. காசர்கோட்டில் செம்பாறைக் குன்றுகளுக்குள் ஆள் நுழையும் அளவுக்குக் கையால் தோண்டும் சுரங்கங்களும் படுக்கை வாட்டில் போய் ஊறும் நீரை ஈர்ப்பிலேயே வெளியே கொண்டுவருபவைதான். ஆக, ஐயா கேட்ட சுரங்கம் இந்தக் கடற்கரைக்கு உண்டு. ஐம்பது மீட்டர் ஆழத்தில் அல்ல, ஆள் ஆழத்தில்.

ஊரணிக்காவல் (சாயல்குடி)

தீவில் இருப்பவர்களுக்கு மணல் மேடு இருக்கிறது, பேசலாம். எங்கள் பக்கம் கரிசலும் களியும். ஆள் ஆழத்தில் கிடைப்பது உப்பு. எங்களுக்கு ஊரணிதான். அருகில் நரிப்பையூரில் 1990-களின் இறுதியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளுக்கு 38 லட்சம் லிட்டர் என்று. பிறகு 616 கோடி ரூபாயில் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திருச்சியிலிருந்து குழாய் போட்டு வந்தது. இரண்டையும் குறை சொல்லவில்லை, இரண்டிலும் குடித்திருக்கிறேன். ஆனால் குழாய் வந்த ஊர்களில் முதலில் நடந்தது என்னவென்றால், ஊரணிக் கரையில் செருப்போடு ஏறக்கூடாது என்ற கட்டுப்பாடு போனது. அடுத்து வேலி போனது. அப்புறம் ஆடு, அப்புறம் குப்பை. குழாய் நின்ற மாதம் திரும்பிப் பார்த்தால் ஊரணி குட்டையாகிவிட்டிருந்தது.

மியாகோ, காசர்கோடு எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மோட்டார் இணைப்பு என்று ஒன்று வந்துவிட்டால் "மெதுவாக எடுப்பது" எத்தனை நாள் நிற்கும் என்று தீவுக்காரர் சொல்லட்டும். வெற்றிலை போடுவதற்காக மோட்டாரை நிறுத்துபவரை நான் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயம். ஆவியாவதில் இவ்வளவு, கசிவதில் இவ்வளவு என்று இங்கே எல்லாரும் எழுதுகிறோம். தம் ஊர் ஊரணியில் ஒரு குச்சியை நட்டு அளந்தவர் யாராவது இருக்கிறீர்களா? எங்கள் ஊரணியில் இறக்கம் ஆவியால் வருவதா, அடியில் விரிசலால் வருவதா என்று பஞ்சாயத்தில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு கட்சி மேலே நிழல்வலை போடச் சொல்கிறது, மறு கட்சி அடியில் களி மிதித்து இறுக்கச் சொல்கிறது. அளக்காமல் இரண்டு கட்சியும் பத்து வருடமாகப் பேசுகின்றன.

தங்கச்சிமடம் மணல்

மோட்டார் பற்றிய கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எங்கள் தெருவிலேயே மூன்று பேர் நிறுத்த மாட்டார்கள்.

கீழக்கரை மாடிவீடு

நகரத்துக்குப் பெரிய தொட்டி என்பது பேச்சாக இருக்கும் வரை வீட்டுக்குச் சிறிய தொட்டி எவ்வளவு தாங்கும் என்று நான் எழுதிவிடுகிறேன். எங்கள் மாடி சுமார் 100 சதுர மீட்டர். 800 மில்லிமீட்டர் மழையில் வீணானது போக 60,000 லிட்டர் இறங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஆளுக்குப் பத்து லிட்டர் என்றால் ஐந்து பேருக்கு ஆண்டு முழுவதும் 18,000 லிட்டர் சொச்சம்தான். மிதந்த அந்தத் தொட்டியின் மேல் ஓரத்தை வெட்டிச் சரிசெய்து, மூடியின் மேல் ஓர் அடிக்குக் கான்கிரீட் போட்டு அமுக்கி, இன்றும் வைத்திருக்கிறோம். குளிக்கத் துவைக்க லாரித் தண்ணீர்தான். ஆனால் நோன்பு மாதத்தில் கஞ்சிக்கு நான் விலைக்கு நீர் வாங்கியதில்லை. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசு சொன்னபோது பல வீடுகளில் குழாயை மண்ணுக்குள் சொருகிக் காட்டிவிட்டு முடித்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் மண்ணே உவர். அதில் இறக்கிய மழையும் உவராகிப் போனது. இங்கே இறக்கக்கூடாது, பிடிக்க வேண்டும்.

வைகைக் கடைமடை

லாத்தா எழுதியதை அப்படியே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். ஊருக்கு ஊர் மண் வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

பெரியகண்மாய்க்கரை

விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். சுரங்கம் என்ற சொல்லே அதில் இல்லை. கேட்டிருப்பது மூன்று: பார்த்திபனூரிலிருந்து பெரிய கண்மாய் வரை வரத்துக்காலின் அகலத்தைப் பழைய வரைபடத்தோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும், மண்டபம் முதல் இராமேசுவரம் வரை களி அடுக்கைக் காணத் துளையிட்டு, முடிவை மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும், நகரத்துக்கு நான்கு நாள் இருப்புக்கு உறை இறக்கித் தொட்டி கட்டினால் என்ன செலவாகும் என்று மதிப்பிட வேண்டும். மூன்றாவதைத் தம்பிக்காகச் சேர்த்தேன். கடைமடை ஐயா கோபிக்கக்கூடாது.

சாயல்குடிக்காரர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததால், என் வீட்டுக்கு அருகே உள்ள ஊரணியில் நேற்று ஒரு மூங்கில் கழியில் சென்டிமீட்டர் கோடு போட்டு நட்டுவிட்டேன்.

சுரங்கத்தான்

கழி மட்டும் போதாது ஐயா. பக்கத்திலேயே ஒரு சிமெண்ட் தொட்டியைப் பாதி புதைத்து, அதே ஊரணி நீரை நிரப்பி, யாரும் மொள்ளாதபடி மேலே கம்பிவலை போடுங்கள். தொட்டியில் இறங்குவது ஆவி. ஊரணியில் அதற்கு மேல் இறங்குவது குடமும் கசிவும். இரும்பு டிரம் வேண்டாம், வெயிலில் சூடேறிக் கணக்கைக் கெடுக்கும்.

ஊரணிக்காவல் (சாயல்குடி)

நானும் நட்டேன். பங்குனி முதல் தேதியிலிருந்து பதினைந்து நாள் கணக்கு: புதைத்த தொட்டியில் இறங்கியது ஒன்பதரை சென்டிமீட்டர், ஊரணியில் பதினேழு. நிழல்வலைக் கட்சிக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மீதி ஏழரையில் குடத்தில் போனது எவ்வளவு, அடியில் போனது எவ்வளவு என்று களிக் கட்சி கேட்கிறது. அதற்காக நாளை காலை முதல் படித்துறையில் உட்கார்ந்து குடத்துக்கு ஒரு கோடு போட, முழுப் பரீட்சை முடிந்த இரண்டு பிள்ளைகள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்; நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு சர்பத் பேசியிருக்கிறேன்.